துபாஷ் ஆனந்தரங்கர்

ஐரோப்பாவிலிருந்து வணிகம் செய்ய வந்த கும்பினிகளுக்கு ஆசிய மக்களின் மொழிகள் தெரியவில்லை. நெசவாளரிடம் துணி வாங்கவும் நவாபுகளோடு பேசவும் இரு மொழி அறிந்தவர் ஒருவர் தேவைப்பட்டார். அவரைத் துபாஷ் என்றனர். 18-ஆம் நூற்றாண்டில் நம் மலாக்கா டச்சுக் கும்பினியின் கையில் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக் கும்பினியின் கையில் இருந்தது. அந்தப் புதுச்சேரியில் துபாஷாக விளங்கியவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

அவர் 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர். உறவினரின் அழைப்பை ஏற்று அவர் குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். தந்தை 1726-இல் மறைந்தபின், இளைஞரான ஆனந்தரங்கர் பரங்கிப்பேட்டையில் கும்பினியின் துணித் தொழிலைக் கவனிக்கும் பொறுப்பைப் பெற்றார்.

1742-இல் டூப்ளே என்பவர் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அதுவரை துணி வாங்கி விற்றுவந்த கும்பினி, அவர் காலத்தில் மிக வேகமாக வளர்ந்தது. 1746-இல் ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானது. 1749-க்குப் பின் ஆற்காட்டிலும் ஐதராபாத்திலும் யார் அரசாள்வது என்பதிலேயே கும்பினி தலையிட்டது.

டூப்ளே பேராற்றல் உடையவர். ஆனால், எல்லாம் தம் விருப்பப்படியே நடக்க வேண்டும் என்று எண்ணுபவர். சென்னையை வென்று தந்த கடற்படைத் தலைவர் லபூர்தொனேயுடனேயே அவர் கடுமையாக மோதினார். அத்தகையவரிடம் நாள்தோறும் சென்று நிற்பது ஆனந்தரங்கரின் வேலை. ஆளுநரின் முகக்குறிப்பை அறிந்து, எதை இன்று சொல்லலாம், எதை நாளைக்குத் தள்ளலாம் என்று அவர் கணக்கிட வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ஆளுநரின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். துபாஷின் உதவி இல்லாமலே ஊர்ச் செய்திகளைத் திரட்டினார், நிருவாகத்திலும் தலையிட்டார். 1746-இல் தலைமைத் துபாஷ் கனகராய முதலியார் இறந்தபோது, அப்பதவி ஆனந்தரங்கருக்குக் கிடைக்காதிருக்க அவர் முயன்றார். வேலைகள் எல்லாம் ஆனந்தரங்கர் தலையில் விழுந்தன. முறையான பதவியோ தாமதமாகவே வந்தது.

அப்படியானால் அவர் ஏன் விலகவில்லை? கும்பினி வளர்ந்தபோது அவரும் வளர்ந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. துணி வணிகம், நிலக் குத்தகை, சொந்தக் கப்பல் என அவருடைய செல்வம் பெருகியது. ஐதராபாத் அரசர் முசாபர் சங் அவருக்கு மூவாயிரம் குதிரைகளுக்குரிய மன்சப் பட்டம் அளித்தார். புலவர்கள் அவரைப் பாடிப் பரிசு பெற்றனர். டூப்ளேயை நேரில் புகழவும் அவர் தயங்கியதில்லை.

ஆனால், நேரில் சொல்ல முடியாதவற்றை அவர் எழுதி வைத்தார். 1736 செப்டம்பரில் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நீண்டது. வணிகர் கணக்கு எழுதுவதுபோலவே அவர் செய்திகளைப் பதிந்தார். கப்பல் வந்த நேரம், முழங்கிய பீரங்கிக் குண்டுகளின் எண்ணிக்கை, ஆளுநரின் கோபம், அவருடைய மனைவியின் பண ஆசை, தமது மனக்குறை ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. நடை இலக்கியத் தமிழ் அன்று; அன்றைய பேச்சுத் தமிழே. அயல்மொழிச் சொற்களும் தாராளமாகக் கலந்திருக்கும்.

ஓயாத போர்களால் கும்பினிக்குச் செலவு மிகுந்தது. 1754-இல் டூப்ளே பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். கும்பினிக்காகச் செலவிட்ட சொந்தப் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல், 1763-இல் வறுமையில் இறந்தார். ஆனந்தரங்கரும் 1756-இல் பதவி இழந்தார். உடல் நலிந்தது, குத்தகைப் பாக்கிகளும் அவரை வாட்டின. ஆயினும், நாட்குறிப்பை அவர் கைவிடவில்லை. 1761 ஜனவரியில், ஆங்கிலேயரின் முற்றுகையில் நகரம் பசியால் வாடிய நாள்களில், அவர் காலமானார். அடுத்த சில நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

1846-இல்தான் அந்த நாட்குறிப்பு வெளியுலகின் கண்ணில் பட்டது. பின்னர்ச் சென்னை அரசு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அதை ஆதாரமாகக் கொண்டு எழுத்தாளர் பிரபஞ்சன் எழுதிய ‘வானம் வசப்படும்’ என்ற புதினம் 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.