மின்தடம் கணித்த மங்கை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1883ஆம் ஆண்டு பிறந்தவர் எடித் கிளார்க். அவர் பெற்றோருக்கு ஒன்பது பிள்ளைகள். பன்னிரண்டு வயதில் எடித் தாய் தந்தையரை இழந்தார். அதன்பின் அக்காவின் அரவணைப்பில் வளர்ந்தார். பெற்றோர் விட்டுச்சென்ற செல்வத்தில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அப்பணத்தை அவர் படிப்புக்கே செலவிட்டார். வாசர் கல்லூரியில் கணிதமும் வானியலும் பயின்று 1908இல் பட்டம் பெற்றார்.

சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆனால், அவர் மனம் பொறியியலையே நாடியது. ஆகவே, 1911இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கட்டடப் பொறியியல் படிக்கத் தொடங்கினார். அடுத்த கோடை விடுமுறையில் ஏடி அண்ட் டி என்னும் தொலைபேசி நிறுவனத்தில் தற்காலிக வேலை ஒன்று கிடைத்தது. அந்த வேலை மிகவும் பிடித்துப்போகவே, அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அது என்ன வேலை தெரியுமா? கணக்குப் போடும் வேலை! இன்று நாம் கம்ப்யூட்டர் என்று இயந்திரத்தைச் சொல்கிறோம். அந்நாளில் அச்சொல் மனிதர்களைக் குறித்தது. பொறியாளர்கள் கேட்கும் கணக்குகளை நாள் முழுவதும் கையால் போட்டுக் கொடுப்பவர்களே அன்றைய கம்ப்யூட்டர்கள். பெண்கள் பலர் இவ்வேலையைச் செய்தனர். எடித் விரைவிலேயே அத்தகைய பெண்கள் குழு ஒன்றை வழிநடத்தும் நிலைக்கு உயர்ந்தார். பகலில் வேலை செய்தார். இரவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்றார்.

பின்னர், வேலையை விட்டுவிட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 1919இல் அங்கு மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கும் சட்டத்திருத்தம் அப்போது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது 1920இல்தான் வந்தது.

பட்டம் கையில் இருந்தும் எடித்தைப் பொறியாளராக வேலைக்கு எடுத்துக்கொள்ள எவரும் முன்வரவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அவருக்குப் பழைய வேலையையே கொடுத்தது. கணக்குப் போடும் பெண்களை மேற்பார்வையிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் மின்துறை ஒரு சிக்கலை எதிர்நோக்கியிருந்தது. மின்நிலையங்கள் பல, நகரங்களிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. மின்சாரத்தை நீண்ட கம்பிகள்வழி கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. கம்பி நீள நீள, அதன் ஒரு முனையில் உள்ள மின்னழுத்தமும் மறுமுனையில் உள்ள மின்னழுத்தமும் வேறுபடும். அந்த வேறுபாட்டை முன்கூட்டியே கணக்கிடாவிட்டால் ஒளி மங்கும், இயந்திரங்கள் பழுதாகும். ஆனால், அதற்குரிய சமன்பாடுகள் மிகவும் கடினமானவை. ஒரு மின்தடத்துக்கு விடை காணவே நீண்ட நேரம் பிடித்தது.

எடித் ஓய்வு நேரத்தில் இச்சிக்கலைப் பற்றிச் சிந்தித்தார். வரைபடத்தைக் கொண்டே விடையைக் கண்டறியும் எளிய கருவி ஒன்றை உருவாக்கினார். 250 மைல், அதாவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளம்வரை உள்ள மின்தடங்களுக்கு அக்கருவி விடை தந்தது. பழைய முறையைவிடப் பத்து மடங்கு வேகமாகக் கணக்கை முடிக்க முடிந்தது. 1921இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்; 1925இல் அது வழங்கப்பட்டது.

பொறியாளரின் மூளை அவருக்கு இருந்தது. பொறியாளரின் பதவியும் சம்பளமும்தான் இல்லை. இந்நிலையை ஏற்க விரும்பாமல், 1921இல் அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். கடல் கடந்து துருக்கிக்குச் சென்று, இன்று இஸ்தான்புல் எனப்படும் நகரில் இருந்த பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். மறு ஆண்டு அவர் நாடு திரும்பியபோது, அதே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அவரை மின்பொறியாளராகவே பணியில் அமர்த்தியது. அமெரிக்காவில் அப்பதவியில் பணியாற்றிய முதல் பெண் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. அப்போது அவருக்கு வயது 39.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் மின்கட்டமைப்புகளை ஆராய்ந்தார். நீண்ட மின்தடத்தின் இரு முனைகளிலும் உள்ள மின்னாக்கிகள், ஒரே தாளத்தில் நடக்கும் அணிவகுப்பைப்போல் இசைந்து சுழல வேண்டும். அளவுக்கு மீறிய மின்சாரத்தை அத்தடத்தில் அனுப்பினால் அந்த இசைவு குலைந்துவிடும். ஊரே இருளில் மூழ்கக்கூடும். அந்த எல்லை எது என்பதை முன்னரே அறிவது எப்படி? இதைப் பற்றி எடித் 1926இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் கூட்டத்தில் ஆய்வுக் கட்டுரை படைத்தார். அதுவரை அக்கழகத்தில் எந்தப் பெண்ணும் கட்டுரை படைத்ததில்லை.

மின்தடங்களில் செல்வது பெரும்பாலும் மும்முனை மின்சாரம். மரம் விழுந்தோ மின்னல் தாக்கியோ ஒரு கம்பி பழுதானாலும் மூன்றின் சமநிலையும் கெட்டுவிடும். இத்தகைய சிக்கல்களைப் படிப்படியாகக் கணக்கிடும் வழிகளை விளக்கி அவர் எழுதிய பாடநூலின் முதல் தொகுதி 1943இல் வெளிவந்தது. மின்பொறியாளர்கள் பலர் அந்நூலைப் படித்தே தங்கள் தொழிலைக் கற்றனர்.

1945இல் ஓய்வுபெற்ற எடித்தால் சும்மா இருக்க முடியவில்லை. 1947இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அமெரிக்காவின் முதல் பெண் மின்பொறியியல் பேராசிரியரானார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அங்குக் கற்பித்தார். 1959இல் தமது 76ஆம் வயதில் மறைந்தார்.

அவர் உருவாக்கிய கருவியின் இடத்தை இன்று கணினி பிடித்துக்கொண்டது. ஆனால், அவர் வகுத்த கணக்கு முறை மறையவில்லை. மும்முனை மின்சாரத்தின் மூன்று அளவுகளை எளிய வடிவத்துக்கு மாற்றும் அம்முறை, கிளார்க் உருமாற்றம் என்று அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. மின்சாரக் காரின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சில்லுகளில்கூட அது பயன்படுகிறது. பொறியாளர் என்னும் பெயர் ஒரு காலத்தில் அவருக்கு மறுக்கப்பட்டது. இன்றோ, அவர் பெயரைப் படிக்காமல் மின்பொறியியலைக் கற்று முடிப்பது கடினம்.