ஒத்தாசைக்குப் போன பிள்ளைகளும் ஒரு நிழற்படக் கலைஞரும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வழியாக மலையேறும் அந்த வண்டிகளில் பெரும்பாலும் பெண்கள். பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகள் சிலரும் அவர்களோடு ஏறிக்கொள்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கேட்டால், அம்மாவுக்கு ஒத்தாசைக்குப் போவதாகச் சொல்வார்கள். தாய் படும் பாட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் பிள்ளையை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த ஒத்தாசைக்குள் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ, எத்தனை பள்ளி நாட்கள் அடங்கியிருக்கின்றன என்று நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஊர் ஊராகச் சென்று எழுதி வைத்தார். அவர் அமெரிக்க நிழற்படக் கலைஞர் லூயிஸ் ஹைன்.

1874-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ் நகரில் பிறந்தவர். 1892-ல் தந்தை விபத்தில் இறந்துவிட, குடும்பத்துக்காக மெத்தை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாளுக்கு 13 மணி நேரம், வாரத்துக்கு 6 நாட்கள், கூலி 4 டாலர். உடலும் உள்ளமும் முதிராத சிறுவரைத் தொழிற்கூடங்களுக்கு அனுப்பலாகாது என்று திருத்தந்தை 13-ம் லியோ தம் சுற்றுமடலில் எழுதியது அதற்கு முந்தைய ஆண்டில்தான். ஹைன் அதைப் படித்தாரோ இல்லையோ, பட்டறிவு அவருக்கு இருந்தது.

பிறகு படித்து, 1901-ல் நியூயார்க்கில் ஆசிரியரானார். பள்ளித் தலைவர்தான் அவரைக் கேமராவின் பக்கம் திருப்பினார். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைப் படமெடுத்தார். 1908-ல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நாடெங்கும் அலையத் தொடங்கினார்.

முதலாளிகள் அவரை உள்ளே விடவில்லை. எனவே காப்பீட்டு முகவராக, அஞ்சலட்டை விற்பவராக, சில இடங்களில் விவிலியம் விற்பவராகவும் வேடமிட்டுச் சென்றார். விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லலாமா என்று குருமடத்தில் ஒழுக்க இறையியல் கற்ற நமக்குக் கேட்கத் தோன்றும். எளிதாக விடை சொல்லிவிட முடியாதுதான். ஆனால் உள்ளே போன பின் அவர் எழுதியதில் பொய் கலக்கவில்லை. பிள்ளையின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களோடு ஒப்பிட்டு அளந்துகொள்வார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, யாருக்கும் தெரியாமல் வயதையும் பெயரையும் குறித்துக்கொள்வார்.

ஆலைப் படங்களே அதிகம் பேசப்படுகின்றன. நம்மைத் தொடுபவை கடற்கரைகளிலும் வயல்களிலும் எடுத்தவை. 1911-ல் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சியில் இறால் உரிக்கும் மானுவேல் என்ற ஐந்து வயதுச் சிறுவனைக் கண்டார். இரு கைகளிலும் பாத்திரம். பின்னால் மலைபோல் சிப்பி ஓடுகள். அதற்கு முந்தைய ஆண்டும் அவன் அங்கே வேலை செய்தவன். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. அந்தக் கரைகளுக்குப் பால்டிமோர் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களை ரயிலில் கொண்டுவந்தார்கள். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே சிப்பி உடைக்கும் வேலை தொடங்கிவிடும். 1916-ல் ஓக்லஹோமாவில் பருத்தி எடுத்த பதினொரு வயதுச் சிறுமியின் படத்தோடு கணக்கும் இருக்கிறது: நாளுக்கு 75 முதல் 125 பவுண்டு வரை, அதாவது 34 முதல் 57 கிலோ வரை எடுப்பாள், நிறைந்த சாக்கை, ஏறத்தாழ 23 கிலோ சுமையை, அவளே தூக்கிச் செல்வாள். எல்லாம் தாய் தந்தையருக்கு ஒத்தாசைதான்.

ஐந்து வாற்கோதுமை அப்பங்களோடு வந்த சிறுவனைப் பற்றி (யோவா 6:9) நாம் ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிறோம். அவன் தாராள மனத்தைப் புகழ்வோம்; அவன் பெயர் நமக்குத் தெரியாது. ஹைன் படமெடுத்த பிள்ளைகளில் பலருக்குப் பெயர் உண்டு.

இப்படங்கள் பத்திரிகைகளிலும் கண்காட்சிகளிலும் வெளிவந்து மக்களை உலுக்கின. 1916-ல் வந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1918-ல் தள்ளிவிட்டது. நிலைத்த சட்டம் 1938-ல்தான் வந்தது. அதுவும் வயல் வேலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. இன்றும் அங்கே 12 வயதுப் பிள்ளை பெற்றோர் சம்மதத்தோடு, பள்ளி நேரம் போக, பண்ணையில் கூலி வேலை செய்யலாம். ஆலைக்குள் இருந்த பிள்ளையைச் சட்டம் கண்டுகொண்டது. தாயின் பக்கத்தில் குனிந்து நின்ற பிள்ளையைக் காணவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பதை முழுமையாகத் தடை செய்துவிட்டு, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் உதவுவதை அனுமதிக்கிறது. அடுத்தவர் எஸ்டேட்டில் கூலிக்குக் காய் எடுப்பது இதில் அடங்காது. ஆனால் கிலோ கணக்கில் கூலி தரும் இடங்களில் பிள்ளை எடுத்த காயும் தாயின் எடையிலேயே சேர்ந்துவிடும். ஏலச் சரங்கள் செடியின் அடியில் தரையை ஒட்டிப் படர்கின்றன. சிறு கைகளுக்கு எட்டுவது எளிது. எந்தப் பதிவேட்டிலும் அந்தப் பிள்ளை இல்லை. பிள்ளையின் முகத்தைப் படமெடுத்துப் பரப்புவதை இன்று நாம் ஆதரிக்க மாட்டோம். ஆனால் காய் எடுப்பு மாதங்களில் எந்தப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கு வரவில்லை என்று நம் ஆசிரியர்களிடம் வருகைப் பதிவு இருக்கிறது. அதைத் திறந்து பார்த்து, அந்த வீடுகளில் பெற்றோரைக் குற்றம் சாட்டாமல் கடனைப் பற்றிக் கேட்க முடியும்.

ஹைனின் கடைசி நாட்கள் வறுமையில் கழிந்தன. 1930-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியதை உயரத்தில் தொங்கிப் படமெடுத்தவருக்குப் பின்னாளில் வேலை தருவார் இல்லை. 1939 கிறிஸ்து பிறப்பு நாளில் மனைவி இறந்தார். கடனில் வீடும் போயிற்று. 1940 நவம்பர் 3-ல் அவரும் இறந்தார். அவர் படங்களை நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகம் ஒன்று வேண்டாம் என்று மறுத்தது. குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. மானுவேலின் படமும் அங்கேதான் இருக்கிறது.