பனிப்பூவைப் படம் பிடித்தவர்

சோப்புக் குமிழி ஊதி விளையாடியிருப்பீங்கதானே? வெளியே நின்று ஊதினால், வெயிலில் வானவில் நிறமெல்லாம் அதில் தெரியும். படம் எடுக்கலாமே என்று போனை எடுப்பதற்குள் பட்டென்று உடைஞ்சு போகும்! ஒரு நொடியில் மறைகிற பொருளைப் படம் எடுப்பது லேசான வேலையா? அந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் ஒருவர் இருந்தார். அவர் எடுத்தது குமிழியை அல்ல, வானத்திலிருந்து விழும் பனிப்பூவை.

அவர் பெயர் வில்சன் பென்ட்லி. 1865-ஆம் ஆண்டு அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிகோ என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அம்மா முன்பு ஆசிரியையாக இருந்தவர். வீட்டிலேயே மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அம்மாவிடம் பழைய நுண்ணோக்கி, அதாவது மைக்ராஸ்கோப், ஒன்று இருந்தது. 15 வயதில் வில்சன் அதில் ஒரு பனிப்பூவை வைத்துப் பார்த்தார். அடேயப்பா! ஆறு பக்கமும் நகை வேலை செய்தது போல இருந்தது. உடனே வரையத் தொடங்கினார். பாதி வரைவதற்குள் உருகிப் போச்சு. இன்னொன்று எடுத்தார். அதுவும் போச்சு.

கேமரா இருந்தால் பிடித்துவிடலாமே என்று நினைத்தார். அதன் விலை சுமார் 100 டாலர். அந்தக் காலத்தில் ஒரு விவசாயிக்கு அது பெரிய பணம். மாடு கன்றுகளைப் பார்க்காமல் பனியைப் பார்ப்பது அப்பாவுக்கு வீண் வேலையாகத்தான் பட்டது. ஆனாலும் வாங்கிக் கொடுத்தார்கள். கேமரா வந்ததும் படம் வந்துவிட்டதா? இல்லை. எடுத்த படமெல்லாம் கெட்டுப் போச்சு. 1885 ஜனவரி 15 அன்றுதான் முதல் நல்ல படம் கிடைத்தது.

வீட்டுக்குள் எடுத்தால் பனி உருகிவிடும். அதனால் நெருப்பு மூட்டாத கொட்டகையில் நடுங்கிக்கொண்டே வேலை செய்தார். கறுப்புப் பலகையை வெளியே நீட்டிப் பனிப்பூவைப் பிடிப்பார். மெல்லிய குச்சியால் தொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைப்பார். பறவை இறகால் மெதுவாக அழுத்துவார். அப்போது மூச்சுக்கூட விட மாட்டார். மூச்சுச் சூடு பட்டாலே பனி கரைஞ்சிடுமே!

இப்படி 5000-க்கும் மேல் படங்கள் எடுத்தார். ஒன்றைப் போல இன்னொன்று அவருக்குக் கிடைக்கவே இல்லை. மழையையும் அவர் விடவில்லை. தட்டில் மாவைப் பரப்பி மழையில் பிடிப்பார். துளி விழுந்த இடத்தில் குட்டி மாவு உருண்டை உண்டாகும். அதை அளந்து துளியின் அளவைக் கண்டுபிடிப்பார். எவ்வளவு எளிய வழி, பாருங்க!

படங்களை ஒன்று 5 சென்ட்டுக்கு விற்றார். செலவழித்த பணம்கூடத் திரும்பி வரவில்லை. விவசாயத்தையும் அவர் கைவிடவில்லை.

1931 நவம்பரில் அவருடைய பெரிய புத்தகம் வெளிவந்தது. 2400-க்கும் மேற்பட்ட படங்கள் அதில் இருந்தன. அடுத்த மாதம் பனிப்புயலில் நடந்தே வீடு திரும்பினார். நிமோனியா காய்ச்சல் வந்தது. டிசம்பர் 23 அன்று, தான் பிறந்த அதே ஊரில் இறந்து போனார்.