நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம்



கல்யாண வீட்டில் நாதஸ்வரம் வாசிக்கும்போது நாம யாரும் கேட்கிறது கிடையாது. பந்தியில் எப்போ இடம் கிடைக்கும் என்றுதான் பார்ப்போம். கெட்டிமேளம் கொட்டினால் மட்டும் அவசரமா திரும்பி அரிசி போடுவோம். அந்த வாத்தியத்தை ஜனங்களை உட்கார்ந்து கேட்க வைத்தவர்களில் ஒருவர்தான் காருகுறிச்சி அருணாசலம்.

நம்ம ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி திருநெல்வேலி போய், அங்கிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் சேரன்மாதேவிக்கு அப்புறம் வருகிறது காருகுறிச்சி. மண்பானைக்குப் பேர்போன ஊர். 1921-ம் ஆண்டு அங்கே பிறந்தார்.

அந்தக் காலத்தில் நாதஸ்வரம் என்றாலே தஞ்சாவூர் ஜில்லாதான். அங்கே பெரிய ஆள் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. தோடி ராகம் என்றால் அவர் பேரைத்தான் சொல்வார்கள். அவர் அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்டுப் பிடித்துப்போய்த் தன் சீடராகச் சேர்த்துக்கொண்டார். தெற்கத்திப் பையனுக்கு இது சாதாரண விஷயமா?

குருவுக்குப் பக்கத்தில் நின்று இரண்டாவது நாதஸ்வரமாக வாசித்தார். இதுதான் ரொம்ப கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. குருவை முந்தவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. அவர் அடுத்து எங்கே போவார் என்று காதாலேயே கண்டுபிடிக்கணும்.

நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைதான் உண்டு. மற்ற நுணுக்கம் எல்லாம் சீவாளியில் உதட்டை அழுத்துவதிலும் மூச்சிலும்தான் வரணும். ஆர்மோனியம் மாதிரி கட்டையை அழுத்தினால் சுரம் வராது. அருணாசலம் வாசித்தால் அந்த மூச்சு குழைந்து குழைந்து வரும். சத்தம் பெரிசு, ஆனால் காதில் குத்தாது.

ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் காலமானார். 1962-ல் கொஞ்சும் சலங்கை படம் வந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில், ஆபேரி ராகத்தில், சிங்காரவேலனே தேவா பாட்டு. படத்தில் நாதஸ்வரம் பிடிப்பவர் ஜெமினி கணேசன், பாடுபவர் சாவித்திரி. உண்மையில் வாசித்தது அருணாசலம், பாடியது எஸ்.ஜானகி. இவர் வாசிக்க, அதே சுரத்தை அவர் குரலில் திருப்பிக் கொடுப்பார். போட்டி மாதிரியே இருக்கும். கச்சேரிப் பக்கமே போகாதவர்களுக்கும் அவரைத் தெரிந்தது இந்தப் பாட்டால்தான்.

ஆனால் அதற்குப் பின் இரண்டே வருஷம். 1964-ல் இறந்துவிட்டார். வயது நாற்பத்துச் சொச்சம்தான். அவருடைய குரு 58 வயது வரை இருந்தார். இவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அவர் வாழ்ந்த கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

எங்க ஊரு அம்மன் கொடைக்கு வருகிற நாதஸ்வரக்காரரிடம் பெரியவங்க இப்பவும் இந்தப் பாட்டைத்தான் கேட்பாங்க. அவரும் நல்லாத்தான் வாசிப்பார், நடுவில் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்துவார். ரெக்கார்டில் அருணாசலம் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று நானும் பலதடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் பிடிபடவில்லை.