தந்தை செல்வா: அடிகளுக்கு நடுவே அமர்ந்திருந்த பெரியவர்

ஊர்ப் பெரியவர் என்றால் யார் என்று உத்திரமேரூர்க்காரர்களாகிய நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடவோலை விதிகள் 919, 921 ஆம் ஆண்டுகளிலேயே நம் ஊர்க் கோயில் சுவரில் வெட்டப்பட்டுவிட்டன. கடலுக்கு அப்பால் ஒரு மக்களினமே பெரியவராக ஏற்று, தந்தை என்று அழைத்த ஒருவரை இன்று நினைவுகூர்வோம்.

சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்தார். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். கொழும்பில் பெயர்பெற்ற வழக்கறிஞர். மெலிந்த உடல், தாழ்ந்த குரல். நம் ஊர் மேடை முழக்கங்களைக் கேட்டுப் பழகிய நமக்கு, இவர் எப்படித் தலைவரானார் என்ற வியப்பு எழுவது இயல்பே.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் தமிழகத்திலிருந்து பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள். செல்வநாயகத்தின் காங்கேசன்துறைத் தொகுதியில் வாக்களிப்பவர்கள் அல்லர். ஆயினும் தம் கட்சித் தலைமை அரசோடு சேர்ந்துகொண்டபோது அவர் வெளியேறினார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

1956 ஜூன் 5. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் மசோதா அன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிரே காலிமுகத்திடலில் தம் தோழர்களோடு அறவழியில் அமர்ந்தார் செல்வநாயகம். அப்போது அவருக்கு 58 வயது. கும்பல் வந்து கல்லெறிந்தது, அடித்தது, உதைத்தது. காவலர்கள் தலையிடவில்லை. அமர்ந்திருந்தவர்கள் திருப்பி அடிக்கவில்லை. இளம் உறுப்பினர் அமிர்தலிங்கம் உடைந்த தலையில் கட்டுப்போட்டுக்கொண்டு அவைக்குள் சென்றார். சட்டம் நிறைவேறியது. கல்லோயாப் பகுதியில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

அடித்தவர்களின் தரப்போடு மறு ஆண்டே உட்கார்ந்து பேச அவருக்கு மனம் இருந்தது. இதுவே அவர் வாழ்வில் நாம் அதிகம் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் என்று தோன்றுகிறது. 1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் செய்தார். பிக்குகளின் எதிர்ப்புக்கு அஞ்சி 1958 ஏப்ரலில் பிரதமர் அதைக் கைவிட்டார். மே மாதம் பெருங்கலவரம் வெடித்தது. கட்சி தடைசெய்யப்பட்டது, அடிபட்ட மக்களின் தலைவரே காவலில் வைக்கப்பட்டார்! 1961இல் யாழ்ப்பாணத்தில் மறுபடியும் அறப்போர், மறுபடியும் சிறைக்காவல். 1965இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை.

நடுக்குவாத நோய் உடலைத் தளர்த்தியது. 1972இல் தம் பதவியைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேட்க விரும்பினார். இடைத்தேர்தல் நடத்தவே அரசு 1975 பிப்ரவரி வரை இழுத்தடித்தது. 25,927 வாக்குகள் பெற்று வென்றார். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. இருபது ஆண்டுப் பொறுமைக்குப் பிறகு வந்த தீர்மானம் அது என்பதை மறந்துவிட்டு அவரை எடைபோடுவது நியாயமாகாது.

1977 ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார். யாழ்ப்பாணத்தில் பெருந்திரளான மக்கள் கூடினர். கிறிஸ்தவராக வாழ்ந்து மறைந்த அவருடைய உடல், அவரைத் தந்தையாக ஏற்ற இந்து மக்களின் வழக்கப்படி வேட்டி உடுத்தி எரியூட்டப்பட்டது.