இரட்டைமலை சீனிவாசனார்: மணி அடித்தபின் வகுப்புக்குச் சென்ற மாணவர்

திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்வை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வட்டமேசை மாநாட்டிலிருந்தே தொடங்குவர். இலண்டன் மாநகரில் நம் சமுதாயத்தின் குரலாக அப்பெருந்தகை நின்றதை எண்ணும்தோறும் நெஞ்சம் நிமிரவே செய்கிறது, ஐயமில்லை. ஆயினும் இருபத்தெட்டு ஆண்டுகளாக வருகைப் பதிவேட்டில் குறியிட்டுப் பழகிய என் போன்ற ஆசிரியனின் கண், அவர் வாழ்வில் முதலில் சென்று நிற்கும் இடம் வேறு. கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் வெளிப்புறமே அவ்விடம்.

சீனிவாசனார் செங்கற்பட்டுச் சீமையில் கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டையொட்டி, ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சூலைத் திங்கள் 7ஆம் நாள் அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. பிறந்த ஊரில் சாதிக் கொடுமை வாட்டியமையால் குடும்பம் தஞ்சைக்குப் பெயர்ந்தது; அங்கிருந்து கோயம்புத்தூருக்குச் சென்றது. அங்கே அவர் பயின்ற பள்ளியில் மாணவர் ஏறத்தாழ 400 பேர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பார்ப்பனர். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த காலம் அது.

அச்சூழலில் அவர் எவ்வாறு படித்தார் என்பதை நம் இளைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். காலையில் பள்ளிக்குச் சென்றவுடன் அவர் உள்ளே நுழைவதில்லை. நுழைந்தால் உடன் பயில்வோர் பேச்சுக் கொடுப்பர். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை, என்ன குலம் என்று கேட்பர். அக்கேள்விக்கு அஞ்சிப் பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து, ஆசிரியர் பாடத்தைத் தொடங்கிய பின்னரே வகுப்பினுள் சென்று அமர்வார். வகுப்பு முடிந்ததும் மற்றவர் தம்மை நெருங்குமுன் வீடு நோக்கி விரைந்துவிடுவார். பிள்ளைகளோடு கூடி விளையாடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. தாம் முன்னேறி நிற்க, தம் மக்களை எவ்வாறு கைதூக்கிவிடுவது என்னும் ஏக்கம் அந்நாளிலேயே அவரைப் பற்றிக்கொண்டது.

இதைப் படித்தபோது என் மனத்தில் எழுந்த எண்ணம் ஒன்றுண்டு. அன்றைய ஆசிரியர் அச்சிறுவனைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? காலந்தாழ்த்தி வருபவன் என்றா? ஒருவரோடும் ஒட்டாதவன் என்றா? பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே வருகைக் குறி இருந்திருக்கும். அதற்கு அவர் கொடுத்த விலையை எந்தப் பதிவேடும் காட்டாது.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் மறையாது கூறிவிடுகிறேன். நான் பட்டதாரி ஆசிரியராகப் பணியில் சேர்ந்த புதிதில், என் வகுப்பில் நன்கு படிக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். உதவித்தொகை விண்ணப்பம் வழங்கும் நாளிலெல்லாம் அவன் வரமாட்டான். மறுநாள் விடுப்பு விண்ணப்பம் கொண்டுவருவான், காரணம் காய்ச்சல். கீழே தந்தையின் கைந்நாட்டு இருக்கும், எழுத்து அவனுடையது. மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தும் நான் ஐயுறவில்லை. விண்ணப்பம் வழங்குமுன், ஆதிதிராவிட மாணவர்கள் எழுந்து நிற்குமாறு வகுப்பு நடுவே கூறுவது என் வழக்கம். எனக்கு முன் இருந்தவர்களும் அவ்வாறே செய்தனர். நானும் அதே சமுதாயத்தில் பிறந்தவன். என் பள்ளி நாட்களில் அவ்வாறு எழுந்து நின்றவன். இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. சீனிவாசனாரின் வரலாற்றைப் பின்னொரு நாள் படித்த பிறகே, அம்மாணவனின் காய்ச்சல் இன்னதென்று விளங்கிற்று. அதன்பின் விண்ணப்பங்களை அலுவலக அறையில் தனித்தனியே வழங்கலானேன். அம்மாணவனோ அதற்குள் பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

சீனிவாசனார் நிற்கவில்லை. கல்வியை முடித்து, நீலகிரியில் ஆங்கிலேய வணிக நிலையத்தில் கணக்கராகப் பணியாற்றினார். 1890இல் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழை நான்கு பக்கங்களுடன், இரண்டணா விலையில் வெளியிட்டார். எந்தப் பெயரைச் சொல்ல அஞ்சிப் பள்ளிக்கு வெளியே நின்றாரோ, அந்தப் பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டார்! சில திங்களில் அது வார இதழாயிற்று. 1900 வரை நடந்தது.

அதே 1893இல் அவர் செய்த மற்றொரு செயலை இன்றும் சிலர் குறை கூறுவர். குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலேயே நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரியபோது, அதனை எதிர்த்து 3412 பேரின் கையொப்பத்துடன் 112 அடி நீளமுள்ள மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இதனை நாட்டுப்பற்றின்மை என்பது எனக்கு உடன்பாடன்று. பள்ளிக்கூடத்தின் வாயிலே ஒரு சாராருக்கு அடைபட்டிருக்கையில், தேர்வு எங்கு நடந்தாலும் வெல்பவர் யார்? வெளியே நின்று படித்த ஒருவருக்கு அக்கணக்கு நன்கு தெரிந்திருந்தது.

1900இல் தாயகம் விட்டுப் புறப்பட்டவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து, 1921இல் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, தெரு, கிணறு, அலுவலகம் யாவும் எல்லோருக்கும் உரியன என்று 1924 ஆகஸ்டு 22இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பரில் அரசாணையும் ஆயிற்று. இதனைக் கல்விக்குப் புறம்பானதாக எண்ணலாகாது. அந்நாளில் பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டிய தெருவிலும் நடந்தன. தெருவில் நடக்க உரிமையில்லாத பிள்ளை, பள்ளிக்கு வரவில்லை என்று எவ்வாறு குறியிடுவது?

1930இலும் 1931இலும் அண்ணல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். 1932 செப்டம்பரில் உருவான பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். அவ்வொப்பந்தத்தைத் தனி இடங்களுக்காக மட்டுமே நாம் நினைவுகூர்கிறோம். ஒவ்வொரு மாகாணமும் தன் கல்வி மானியத்திலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி வசதிக்குப் போதிய தொகையை ஒதுக்க வேண்டும் என்னும் விதியும் அதில் உண்டு.

இன்று 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஆனால் பெற்றோர் அனுப்பும் விடுப்பு விண்ணப்பத்தில் இன்றும் காய்ச்சல்தான் எழுதப்படுகிறது. கரும்பு வெட்டுக்குச் சென்றதும் காய்ச்சல். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டதும் காய்ச்சல். சக மாணவன் இழிசொல் கூறியதால் வர மறுத்ததும் காய்ச்சல். உண்மையை எழுதினால் ஆசிரியர் ஏசுவார் என்று நம்மவர் அஞ்சுகின்றனர். அச்சத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை. எனினும் பெற்றோர்களே, பிள்ளை வராத அன்றே சொல்லியனுப்புங்கள். மெய்யான காரணத்தைச் சொல்லுங்கள். எழுத இயலாதவர் நேரில் வந்து சொல்லலாம். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்க வேண்டாம், உள்ளே வந்து அமருங்கள். செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு செல்வதாயின் புறப்படுமுன் தெரிவியுங்கள். சென்ற ஊரில் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க அச்சட்டம் இடந்தரவில்லை. பள்ளியில் பிள்ளைக்கு நேர்ந்த அவமதிப்பே காரணமென்றால், அதனை எழுத்திலேயே கொடுங்கள். என் மேசைக்கு இவ்வாண்டு அத்தகைய கடிதம் ஒன்றுதான் வந்தது. அதன்மேல் நடவடிக்கை எடுக்க முடிந்தது. அச்சிறுமி இப்போது நாள்தோறும் வருகிறாள்.

சீனிவாசனார் 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்; சென்னை ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டார். எண்பதை எட்டும் வயதில், 1939இல், ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறு நூலைத் தாமே எழுதி வெளியிட்டார். மணியடிக்கும் வரை வெளியே காத்திருந்த செய்தி அதில்தான் இருக்கிறது. ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய நூல் அது. நம் சங்கத்தின் படிப்பகத்தில் அதன் படிகள் சிலவற்றையேனும் வாங்கி வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.