கடல் கடந்து வந்த நூல்கள்

1724ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று இலண்டனை அடைந்தது. அதிலிருந்து பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இறங்கினார். அவர் பெயர் பெஞ்சமின் பிராங்கிளின். அச்சுப்பொறியும் ஈய எழுத்துகளும் வாங்கிச் சென்று, பிலடெல்பியாவில் சொந்தமாக ஓர் அச்சகம் தொடங்க வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

ஆனால், அவற்றை வாங்க அவரிடம் பணம் இல்லை. பென்சில்வேனியா ஆளுநர் சர் வில்லியம் கீத் கொடுத்த வாக்கை நம்பியே அவர் கப்பல் ஏறியிருந்தார். பிராங்கிளின் வாங்கும் பொருளுக்குத் தாம் பொறுப்பேற்பதாக இலண்டன் வணிகர்களுக்குக் கடிதம் எழுதித் தருவதாக ஆளுநர் சொல்லியிருந்தார். அத்தகைய கடிதம் இருந்தால் வணிகர்கள் பொருளைக் கடனாகக் கொடுப்பார்கள். கடிதங்கள் கப்பலின் அஞ்சல் பையில் இருப்பதாக அவரிடம் கூறப்பட்டது. அவர் பையில் தேடிப் பார்த்தார். தம் பெயர் குறித்த கடிதம் ஒன்றுகூட அதில் இல்லை. தமக்காக எழுதப்பட்டிருக்கலாம் என்று தோன்றிய சிலவற்றை எடுத்துக்கொண்டு, முதலில் ஓர் எழுதுபொருள் வணிகரிடம் சென்றார். அது வேறு யாரோ ஓர் ஏமாற்றுக்காரன் எழுதிய கடிதம். வணிகர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார்.

அதே கப்பலில் வந்த டெனம் என்ற வணிகர்தான் உண்மையை எடுத்துச் சொன்னார். ஆளுநரை அறிந்தவர் எவரும் அவருடைய சொல்லை நம்புவதில்லையாம்; பிறருக்குப் பொறுப்பேற்கும் அளவுக்கு அவருக்கே வணிகர்களிடையே நாணயம் இல்லையாம். ஊர் திரும்பவும் பணமில்லாத பிராங்கிளின் இலண்டன் அச்சகங்களில் கூலிக்கு வேலை செய்தார். 1726இல்தான் அவரால் பிலடெல்பியாவுக்குத் திரும்ப முடிந்தது.

ஈய எழுத்து வாங்க ஏன் ஒரு பெருங்கடலைக் கடக்க வேண்டும்? அக்காலத்தில் பென்சில்வேனியா பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஒரு குடியேற்றப் பகுதி. அமெரிக்கக் குடியேற்றங்களில் எழுத்து வார்க்கும் தொழிற்கூடமே கிடையாது. ஊர் திரும்பி ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தபோது, எழுத்துகள் போதவில்லை என்று பிராங்கிளின் தாமே ஓர் அச்சு செய்து, பழைய எழுத்துகளை வைத்துப் புதியவற்றை வார்த்தாராம். எத்தனை நாளைக்கு அப்படிச் சமாளிக்க முடியும்? 1728இல் அவரும் நண்பர் ஒருவரும் சேர்ந்து அச்சகம் தொடங்கியபோது, இலண்டனிலிருந்து எழுத்துகள் வந்து சேர்ந்த பிறகே வேலை நடந்தது.

அந்தக் கருவிகளுக்கான தொகையில் பாதியைக் கூட்டாளியின் தந்தையால் செலுத்த முடியவில்லை. வணிகர் வழக்குத் தொடுத்தார். அச்சகம் கைவிட்டுப் போகும் நிலையில், நண்பர்கள் இருவர் பணம் கொடுத்துக் காப்பாற்றினர். அதன்பின் பிராங்கிளின் மிகுந்த கவனத்தோடு நடந்துகொண்டார். அச்சகத்துடன் எழுதுபொருள் கடை ஒன்றையும் நடத்தினார். காகிதம், தோல்தாள், அச்சிட்ட படிவங்கள் ஆகியவற்றை அங்கே விற்றார். தாம் வாங்கிய காகிதக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஊரார் பார்க்கத் தாமே தெருவழியே தள்ளிச் சென்றார். கடனை நாள் தவறாமல் செலுத்தினார். எழுதுபொருள்களை இறக்குமதி செய்த வணிகர்கள் தாங்களாகவே அவரைத் தேடி வரத் தொடங்கினர்.

நூல்களுக்கும் இதே நிலைதான். பிலடெல்பியாவில் நல்ல புத்தகக் கடை இல்லை. படிக்க விரும்பியவர்கள் இங்கிலாந்துக்கு எழுதித்தான் நூல்களைப் பெற வேண்டும். பிராங்கிளின் பத்து வயதிலேயே பள்ளியை விட்டவர். சிறு வயதில் இறைச்சி உண்பதை விட்டு, மிச்சமான காசில் நூல் வாங்கியவர். நூல் கிடைக்காத குறையை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1731இல் அவர் ஒரு வழி கண்டார். ஐம்பது பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் முதலில் செலுத்தி, பின் ஆண்டுதோறும் 10 ஷில்லிங் தர வேண்டும். அப்பணத்தில் வாங்கும் நூல்களை அனைவரும் படிக்கலாம். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் ஆவர். அவர்களிடம் 40 ஷில்லிங் வாங்குவது எளிதாக இல்லை.

1732ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் முதல் பட்டியல் ஆயத்தமானது. ஜேம்ஸ் லோகன் என்ற அறிஞர் நூல்களைத் தேர்ந்தெடுக்க உதவினார். பென்சில்வேனியாவின் காகிதப் பணம் இலண்டனில் செல்லாது. ஆகவே, இலண்டனில் 45 பவுண்டு பெறுவதற்கான பணச்சீட்டை வாங்கினர். நம் வணிகர்கள் உண்டியல் என்று சொல்வார்களே, அத்தகையது. உறுப்பினர் தாமஸ் ஹாப்கின்சன் அதையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். கப்பல் மூழ்கினால் எல்லாம் போயிற்று. வாரக்கணக்கில் எந்தச் செய்தியும் வராது. காத்திருக்கத்தான் வேண்டும்.

இலண்டனில் பீட்டர் கொலின்சன் என்னும் துணி வணிகர் நூல்களை வாங்க உதவினார். நியூட்டனின் கருத்துகளை விளக்கும் நூலையும் தோட்டக்கலை அகராதி ஒன்றையும் தம் அன்பளிப்பாகச் சேர்த்தார். அக்டோபர் மாதம் பெட்டிகள் பிலடெல்பியாவை அடைந்தன. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் கூலி எதுவும் பெறாமல் அந்த நூலகத்துக்கு நூல்களை வாங்கி அனுப்பினார். ஒருமுறை, மின்சார ஆய்வுக்குப் பயன்படும் கண்ணாடிக் குழாயையும், அதைப் பயன்படுத்தும் முறை பற்றிய குறிப்பையும் அனுப்பினார். பிராங்கிளினின் மின்சார ஆய்வுகள் அதைக் கொண்டே தொடங்கின. அவ்வாய்வுகளைப் பற்றி அவர் கொலின்சனுக்கு எழுதிய கடிதங்கள் 1751இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. இம்முறை பிலடெல்பியாவிலிருந்து இலண்டனுக்குச் சென்றது அறிவு!

1757இல் பிராங்கிளின் மீண்டும் இலண்டன் சென்றார். கடிதங்கள் வழியாக அறிந்திருந்த கொலின்சனை நேரில் கண்டார். பிராங்கிளின் 1790இல் தம் 84ஆம் வயதில் மறைந்தார். 45 பவுண்டு நூல்களோடு தொடங்கிய அந்த நூலகம் இன்றும் பிலடெல்பியாவில் திறந்திருக்கிறது.